கடனாளியின் காசு யாருக்குரியது?

கடன்பட்ட ஒருவன் தன் கடனைத் தீர்ப்பதற்கு உதவி நாடுகிறான். உதவி செய்ய ஒருவர் முன்வருகிறார். ஆனால் அந்த உதவிக்கு மாதந்தோறும் கூலி கேட்கிறார். அடுத்த தெருவிலே அதே உதவியை ஒரு சதமேனும் வாங்காமல் செய்வதற்கு இன்னொருவர் இருக்கிறார். கூலி வாங்குபவரிடம் ஏற்கெனவே கையொப்பம் இட்டுக் கொடுத்துவிட்ட கடனாளி என்ன செய்ய வேண்டும்? அவரை விட்டு விலகுவது நன்றி மறந்த செயலாகுமா? கொடுத்த வாக்கை மீறியதாகுமா? அல்லது, விலகாமல் இருப்பதுதான் தவறாகுமா?

இது வெறும் கணக்குக் கேள்வி என்று சிலர் நினைக்கலாம். எது மலிவோ அதைச் செய்துவிட்டுப் போவதுதானே என்று சொல்லலாம். ஆனால் கடன் என்பது வெறும் கணக்கல்ல. நம் தமிழிலே 'கடன்' என்ற ஒரே சொல் கொடுக்க வேண்டிய பணத்தையும் குறிக்கும். செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கும். பணம் உள்ள இடத்தில் கடமையும் உண்டு என்பதை நம் முன்னோர் அந்தச் சொல்லிலேயே வைத்துவிட்டுப் போயினர். ஆகையால் இந்தக் கேள்வியை மனச்சாட்சியின் முன் வைத்து ஆராய்வது தகும்.

இந்தக் கேள்வி பெரிதாக எழுந்திருக்கும் நாடு இங்கிலாந்து. நம் வாசகர் குடும்பங்களில் அந்நாட்டிலே பிள்ளையோ, சகோதரரோ, மருமக்களோ இல்லாத குடும்பங்கள் இன்று குறைவு. அவர்கள் அனுப்பும் பணத்தை நாம் அறிவோம். அவர்கள் பட்ட கடனை அறியோம். வெளிநாட்டில் இருப்பவனுக்குக் கடன் ஏது என்று நினைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எனவே, கடல் கடந்த காரியமாயினும் இது நம் வீட்டுக் காரியமுங்கூட.

கூலிக்கு உதவும் கொம்பனிகள்

அங்கே கிறெடிற் காட், வங்கிக் கடன், தவணைக் கடன் என்று பலரிடம் கடன்பட்டு, மாதத் தவணைகளைக் கட்ட முடியாமற் போனவருக்கு ஒரு வழி உண்டு. தன் வருமானத்தையும் வீட்டுச் செலவையும் கணக்கிட்டு, மிஞ்சும் தொகையை மாதந்தோறும் ஓரிடத்தில் செலுத்தினால், அந்த இடத்தார் அதைக் கடன் கொடுத்த எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுப்பர். வட்டியை நிறுத்தும்படியும் குறைக்கும்படியும் கடன் கொடுத்தவர்களிடம் அவர்களே பேசுவர். இதைக் கடன் முகாமைத்துவத் திட்டம் என்று சொல்லலாம். நீதிமன்றம் இதில் தலையிடுவதில்லை. அது கடனாளியும் கடன் கொடுத்தவர்களும் இணங்கிச் செய்துகொள்ளும் ஒழுங்கு மாத்திரமே.

இந்த வேலையை இலாபத்துக்காகச் செய்யும் கொம்பனிகள் உண்டு. முதல் மாதத் தொகையை, சிலவேளை இரண்டாம் மாதத் தொகையையும், தொடக்கச் செலவென்று தாமே எடுத்துக்கொண்டு, பின்னர் ஒவ்வொரு மாதமும் ஒரு பங்கைக் கூலியாகக் கழித்துக்கொள்வது நெடுங்காலமாக அவர்களிற் பலருடைய வழக்கமாக இருந்தது.

இதே வேலையை இலவசமாகச் செய்யும் நிறுவனங்களும் அந்நாட்டில் உண்டு. பிரித்தானியா போர்ப் பிரகடனம் செய்த மறுநாள், 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி, மக்களுக்கு ஆலோசனை சொல்வதற்காகச் 'சிற்றிசன்ஸ் அட்வைஸ்' பணியகங்கள் தொடங்கப்பட்டன. 1987இல் பேர்மிங்ஹாம் நகரில் தொடங்கிய தொலைபேசிச் சேவையே இன்று 'நாஷனல் டெற்லைன்' என்று அழைக்கப்படுகிறது. 1993இல் லீட்ஸ் நகரைத் தளமாகக் கொண்டு எழுந்த தரும நிறுவனம் 2012 முதல் 'ஸ்ரெப்சேஞ்ச்' என்ற பெயரில் இயங்குகிறது. 1996இல் பிராட்ஃபோர்ட் நகரில் கிறிஸ்தவர்கள் தொடங்கிய 'கிறிஸ்ரியன்ஸ் எகெய்ன்ஸ்ற் பொவேட்டி' என்ற நிறுவனம் கடனாளியின் வீட்டுக்கே சென்று உதவுகிறது. இவற்றுள் எதுவும் கடனாளியிடம் கூலி வாங்குவதில்லை.

அங்குள்ள விதி இன்னொன்றையும் சொல்கிறது. கூலி வாங்கும் கொம்பனி கடனாளியுடன் முதன்முதலிற் பேசும்போதே, இலவச உதவி கிடைக்கும் இடங்கள் உண்டு என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அப்படி இருந்தும் பலர் கூலி கொடுத்துக்கொண்டு இருப்பது ஏன்? இந்தக் கேள்விக்குப் பின்னர் வருவோம். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு சிறு கணக்கு

ஒரு குடும்பத்துக்கு 9,000 பவுண் கடன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டி நிறுத்தப்பட்டுவிட்டது. வாடகை, கவுன்சில் வரி, மின்சாரம், சாப்பாடு எல்லாம் போக மாதம் 150 பவுண் மிஞ்சுகிறது. இலவச நிறுவனத்தின் மூலம் அதைக் கட்டினால் 150 பவுணும் கடனுக்கே போய்ச் சேரும். 60 மாதங்களில், அதாவது ஐந்து ஆண்டுகளில், கடன் தீர்ந்துவிடும்.

இப்போது கூலி வாங்கும் கொம்பனி ஒவ்வொரு மாதமும் 25 பவுணைக் கழிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடனுக்குப் போவது 125 பவுண். கடன் தீர 72 மாதங்கள் ஆகும். குடும்பம் மேலும் ஓர் ஆண்டு முழுவதும் கட்ட வேண்டும். கூலியாகப் போன தொகை 1,800 பவுண்.

அந்த 1,800 பவுண் யாருடைய பணம்? என் கையில் இருந்தது, ஆகையால் என்னுடையது என்று கடனாளி சொல்லலாம். ஆனால் சற்று நிதானித்துப் பாருங்கள். குடும்பத்தின் சாப்பாட்டுக்கும் உடைக்கும் உறைவிடத்துக்கும் வேண்டியதை ஒதுக்கிய பிறகு மிஞ்சிய பணம் அது. கடனைத் தீர்ப்பதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டது. அது கடனாளியின் பையில் இருந்தாலும், நீதியின்படி கடன் கொடுத்தவனுக்குப் போக வேண்டியது. தேவையின்றி அதிலிருந்து ஒரு பங்கை மூன்றாம் ஆளுக்குக் கொடுப்பவன், கடன் கொடுத்தவனைக் காக்க வைக்கிறான்; தன் பிள்ளைகளையும் மேலும் ஓராண்டு முடையில் வைத்திருக்கிறான்.

இந்த இடத்திலே நம் கேள்வி தலைகீழாக மாறுகிறது. விலகுவதற்கு நியாயம் உண்டா என்று கேட்டோம். வேறு வழி திறந்திருக்கும்போது விலகாமல் இருப்பதற்கு நியாயம் உண்டா என்றே கேட்க வேண்டியிருக்கிறது.

திருச்சபையில் எழுந்த பழைய வழக்கு

ஏழைக் கடனாளியிடம் கூலி வாங்கலாமா என்ற கேள்வி திருச்சபைக்குப் புதிதல்ல. 1462ஆம் ஆண்டு இத்தாலியின் பெரூஜியா நகரில் பிரான்சீஸ்கன் துறவிகளின் தூண்டுதலால் ஒரு நிதி நிறுவப்பட்டது. 'மோந்தே தி பியெத்தா' என்பது அதன் பெயர். இரக்கத்தின் குவியல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஏழைகள் தம் பொருளை அடைவு வைத்துச் சிறு கடன் பெறுவர். அதைக் காத்து வைக்கவும், கணக்கு எழுதவும், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் செலவு உண்டு. அந்தச் செலவுக்காகக் கடன் பெற்றவரிடம் சிறு தொகை வாங்கினர்.

உடனே எதிர்ப்பு எழுந்தது. கொடுத்ததற்கு மேலாக எதை வாங்கினாலும் அது வட்டியே, வட்டி பாவமே என்று தோமினிக்கன் சபையாரும் அகுஸ்தீன் சபையாரும் வாதாடினர். செலவுக்கு வாங்குவது வட்டியாகாது, ஒன்றுமே வாங்காவிட்டால் நிதி அழிந்துபோகும், ஏழைக்கு அதுவும் இல்லாமற் போகும் என்று பிரான்சீஸ்கன் சபையார் மறுமொழி சொன்னார்கள். வழக்கு அரை நூற்றாண்டு நடந்தது.

1515ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி, ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கத்தில் பாப்பரசர் பத்தாம் சிங்கராயர் தீர்ப்பை வெளியிட்டார். அந்தத் தீர்ப்பில் மூன்று அம்சங்கள் உண்டு. நிதியை நடத்துவோரின் செலவுக்கு மட்டும் அளவான தொகை வாங்கலாம். அதிலிருந்து இலாபம் தேடக் கூடாது. மூன்றாவதாக, அந்தச் செலவையும் வேறு வழியில் ஏற்பாடு செய்து, ஏழையிடம் ஒன்றுமே வாங்காமல் நடத்துவது இன்னும் நிறைவானது, இன்னும் புனிதமானது.

அன்று இத்தாலியில் எழுந்தது கடன் கொடுப்பதைப் பற்றிய வழக்கு. இன்று நாம் பேசுவது கடன் தீர்க்க உதவுவதைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் அந்தத் தீர்ப்பு நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. இடருற்றவனுக்கு உதவுகிறவன் தன் செலவை வாங்குவதைத் திருச்சபை கண்டிக்கவில்லை. ஆனால் இடரையே இலாபத்துக்கு வயலாக்குவதை ஏற்கவும் இல்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் 'இன்னும் புனிதமானது' என்று சொல்லி வைத்த வழி இன்று உண்மையாகவே திறந்திருக்கிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

உழைப்புக்குக் கூலி வேண்டாமா?

உழைப்பவருக்குக் கூலி உரியது என்பது நம் ஆண்டவரின் போதனை. அப்படியிருக்க, கொம்பனியில் வேலை செய்பவர் கூலி வாங்குவதைக் குறை சொல்லலாமா என்று ஒருவர் கேட்கலாம்.

இலவச நிறுவனங்களில் வேலை செய்பவர்களும் சம்பளம் பெறுகிறார்கள். அந்தச் சம்பளம் யாருடைய பையிலிருந்து வருகிறது என்பதே கேள்வி. சில நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்த வங்கிகளே, தமக்குத் திரும்பக் கிடைத்ததில் ஒரு பங்கை விரும்பிக் கொடுக்கின்றன. அப்படிக் கொடுத்தாலும் கடனாளி கட்டிய முழுத்தொகையும் அவன் கணக்கில் வரவு வைக்கப்படும். நிதி நிறுவனங்களிடம் அறவிடப்படும் ஒரு வரியிலிருந்தும், நல்மனத்தோரின் நன்கொடையிலிருந்தும் மற்றச் செலவுகள் நடக்கின்றன. கடன் கொடுத்து இலாபம் கண்டவர், கடன் முறிந்தபோது அதைச் சீர்செய்யும் செலவைத் தாங்குவது நியாயமன்றோ?

வங்கியின் பணத்தில் நடப்பவர்கள் வங்கியின் பக்கந்தானே பேசுவார்கள் என்று நீங்கள் சந்தேகிக்கலாம். நியாயமான சந்தேகந்தான். ஆனால் அதே சந்தேகத்தை மற்றப் பக்கத்திலும் வையுங்கள். மாதக் கூலியில் வாழும் கொம்பனிக்கு, கடனாளி அதிக காலம் திட்டத்தில் இருப்பதே இலாபம்.

ஓர் உதாரணம் சொல்லலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2009 முதல் கடன் நிவாரணக் கட்டளை என்ற வழி உண்டு. 50,000 பவுணுக்கு மேற்படாத கடனும், சொற்ப உடைமையும், செலவு போக மாதம் 75 பவுணுக்கு மேல் மிஞ்சாத வருமானமும் உள்ளவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களின் பின் அதில் அடங்கும் கடன்கள் நீக்கப்படும். முன்பு அதற்கு 90 பவுண் கட்டணம் இருந்தது. 2024 ஏப்ரலில் அதுவும் எடுக்கப்பட்டது. மாதம் இருபது பவுண் மட்டும் மிஞ்சும் ஓர் ஏழைத் தாய்க்கு இந்த வழியைக் காட்டுவதே நேர்மை. அவளை ஆண்டுக்கணக்காக மாதக் கூலித் திட்டத்தில் வைத்திருப்பவர், செய்த வேலைக்குக் கூலி வாங்குகிறார் என்று எப்படிச் சொல்வது?

இது வெறும் ஊகமன்று. 2014 ஏப்ரல் முதல் இந்தக் கொம்பனிகளைக் கண்காணிக்கும் அதிகாரசபை, 2015 ஜூனில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கூலி வாங்கும் பல நிறுவனங்கள் கொடுக்கும் ஆலோசனையின் தரம் ஏற்க முடியாத அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது என்று அது கண்டது. கடனாளியை இன்னொரு கொம்பனிக்குக் கைமாற்றிக் கொடுத்துத் தரகு வாங்கும் பழக்கமும் சில ஆலோசனைக் கொம்பனிகளிடம் இருந்தது; அதை 2023 ஒக்டோபர் 2ஆம் திகதி முதல் தடை செய்தார்கள்.

கூலி வாங்கும் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று இதனால் முடிவு செய்துவிடக் கூடாது. அங்கே வேலை செய்பவர்களுள் நேர்மையானவர்களும், கடனாளியின் கண்ணீரை இரக்கத்தோடு கேட்டவர்களும் உண்டு. அவர்களைத் தீர்ப்பிடுவது நம் நோக்கமன்று. மனிதர் நல்லவராக இருந்தாலும், ஒருவருடைய நட்டத்தில் மற்றவரின் இலாபம் இருக்கும் ஏற்பாடு அவரையும் சோதனைக்குள் தள்ளும் என்பதைத்தான் சொல்கிறோம்.

நன்றியும் வாக்கும்

கடனாளியைத் தடுத்து நிறுத்தும் இரண்டு எண்ணங்கள் இனி உண்டு. இரண்டும் நல்ல மனத்திலிருந்து பிறப்பவை. ஆகையால் மதிப்போடு பார்க்க வேண்டும்.

'நான் தூக்கமின்றித் தவித்தபோது எனக்கு உதவியவர்கள் இவர்கள். இப்போது விட்டுப் போவது நன்றிகெட்ட செயலல்லவா?' என்பது ஒன்று. நன்றி நல்ல புண்ணியமே. ஆனால் கொடையாகப் பெற்றதற்குச் செய்யும் கைம்மாறே நன்றி. மாதந்தோறும் விலை கொடுத்துப் பெற்ற வேலைக்கு அந்த விலையோடு கணக்குத் தீர்ந்துவிடுகிறது. மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லி விடைபெறுவது போதும். மேலும், நன்றிக்காக ஒருவனுக்குக் கொடுப்பது, நீதிக்காக இன்னொருவனுக்குச் சேர வேண்டியதாக இருக்கக் கூடாது. அயலானுக்குச் சேர வேண்டிய நெல்லை எடுத்து உபகாரிக்கு விருந்து வைப்பவனை யாரும் நன்றியுள்ளவன் என்று புகழ மாட்டார்கள்.

'கையொப்பம் இட்டேனே, வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா?' என்பது இரண்டாவது. வாக்குக் கொடுத்தபோது இருந்த நிலைமை பின்னர் மாறிவிட்டால், அதை நிறைவேற்றாதவனை வாக்குத் தவறியவன் என்று சொல்ல முடியாது என்று புனித தோமஸ் அக்குவினாஸ் விளக்கியிருக்கிறார். இங்கே அவ்வளவு தூரம் போகவுந் தேவையில்லை. விரும்பியபோது விலகலாம் என்பது இந்தத் திட்டத்திலேயே அடங்கிய நிபந்தனை. அறிவித்துவிட்டு விலகுவது ஒப்பந்தத்தின்படி நடப்பதே தவிர அதை முறிப்பதன்று. கடனாளி உண்மையில் கொடுத்த பெரிய வாக்கு, கடன் கொடுத்தவனுக்குக் கொடுத்த வாக்கு. விலகுவதால் அந்த வாக்கு இன்னும் விரைவாக நிறைவேறும்.

வெட்கம் கேட்கும் விலை

இலவச உதவி உண்டு என்று காதிலே விழுந்த பின்னும் ஏன் கூலி கொடுக்கிறார்கள் என்று முன்பு கேட்டோம். அறியாமை ஒரு காரணம். முதன்முதல் தொலைபேசியில் அழைத்த கொம்பனியிடமே அகப்பட்டுக்கொள்வது இன்னொரு காரணம். இவற்றைவிட ஆழமான காரணம் வெட்கம்.

இலவசம் என்றால் பிச்சை என்று நம் மனம் சொல்கிறது. தரும நிறுவனத்தின் வாசலிலே நிற்பதைவிட, காசு கொடுத்து ஒரு கொம்பனியின் வாடிக்கையாளன் என்று பெயர் எடுப்பது கௌரவமாகத் தோன்றுகிறது. முன்னர் சொன்ன கதையை இன்னொரு அந்நியரிடம் முதலிலிருந்து சொல்லவும் கூசுகிறது. இப்படிப் பார்த்தால், மாதம் 25 பவுண் கொடுத்து அவன் வாங்குவது வெறும் உதவியை மாத்திரமன்று. தன் வெட்கத்துக்கு ஒரு திரையையுந்தான். அந்தத் திரைக்கு அவன் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள்.

இலவசமாகப் பெறுவதில் இழிவு இல்லை என்பதைக் கத்தோலிக்கராகிய நாம் பிறரைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும். நாம் பெற்றவற்றுள் மிகப் பெரியவற்றை விலை கொடுத்தா வாங்கினோம்? ஞானஸ்நானத்துக்கு விலை உண்டா? பாவமன்னிப்புக்கு விலை உண்டா? திருவருளுக்கு விலை வைப்பது பாவம் என்று சிறுவயதிலேயே நமக்கு ஞானோபதேசத்தில் படிப்பித்தார்கள். விலை இல்லாதது மதிப்பில்லாதது என்ற எண்ணம் சந்தையில் பிறந்தது. அதைச் சந்தையிலேயே விட்டுவிட வேண்டும்.

தாழ்மை என்பதும் இதுதான். கடன்பட்டேன், கட்ட முடியவில்லை, உதவி வேண்டும் என்று திரையின்றிச் சொல்வது. அப்படிச் சொல்பவன் தன் மதிப்பை இழப்பதில்லை. தன் நிலையை உள்ளபடி சொல்லக் கூடியவனே அதைத் திருத்தவும் கூடியவன்.

விலகுவது எப்படி?

நியாயம் விளங்கினாலும் வழி தெரியாமல் நிற்பவர் உண்டு. ஆகையால் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் சொல்லி வைப்போம்.

முதலாவது, இப்போது இருக்கும் ஏற்பாடு எது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். நாம் பேசுவது நீதிமன்றத்தோடு தொடர்பில்லாத கடன் முகாமைத்துவத் திட்டத்தைப் பற்றி. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் 'ஐ.வி.ஏ.' என்ற உடன்படிக்கையோ, ஸ்கொட்லாந்தின் நம்பிக்கைப் பொறுப்பு உறுதியோ ஆனால் காரியம் வேறு. அவை சட்டப்படி கட்டுப்படுத்துபவை. நினைத்தபோது விட்டு வந்தால் பெருந்தீங்கு நேரும். முதலில் ஆலோசனை பெற வேண்டும்.

இரண்டாவது, பழையதை விடுமுன் புதியதைப் பிடிக்க வேண்டும். மேலே சொன்ன இலவச நிறுவனம் ஒன்றோடு தொடர்புகொண்டு, வரவு செலவுக் கணக்கை மறைக்காமற் சொல்ல வேண்டும். அரசாங்கத்தின் 'மணிஹெல்ப்பர்' சேவையும் இத்தகைய இடங்களைக் காட்டிக் கொடுக்கும். இலவசம் என்று விளம்பரம் செய்து, தரும நிறுவனங்களின் பெயரை ஒத்த பெயர்களை வைத்துக்கொண்டு ஆள் பிடிப்பவர்களும் உண்டு. பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். வாடகை, கவுன்சில் வரி, மின்சாரம், எரிவாயு ஆகியவற்றில் நிலுவை இருந்தால் அதை முதலிற் சொல்ல வேண்டும். அவற்றைக் கட்டாவிட்டால் வீடே போகக்கூடும்.

மூன்றாவது, கொம்பனிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இதுவரை கட்டிய தொகை எவ்வளவு, கூலியாக எடுத்தது எவ்வளவு, ஒவ்வொரு கடன்காரருக்கும் அனுப்பியது எவ்வளவு, கையில் வைத்திருப்பது எவ்வளவு என்று கணக்குக் கேட்க வேண்டும். அனுப்பாமல் வைத்திருக்கும் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். பின்னர் வங்கிக்குக் கொடுத்த மாதாந்தக் கட்டளையை நிறுத்த வேண்டும். கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்திருப்பது நன்று.

நான்காவது, கடன் கொடுத்தவர்களுக்கும் ஏற்பாடு மாறுகிறது என்று தெரிவித்து, இன்னும் எவ்வளவு பாக்கி உண்டு என்று அவர்களிடமே கேட்க வேண்டும். கொம்பனி சொல்லும் தொகையும் அவர்கள் சொல்லும் தொகையும் ஒத்துவருகின்றனவா என்று அப்போது தெரியும். மாறும் இடைவெளியில் கூடுமானவரை ஒரு மாதத் தவணையும் தவறாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, கொம்பனி அநியாயம் செய்ததாகத் தோன்றினால் முதலில் அதனிடமே முறையிட வேண்டும். எட்டு வாரங்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, நிதித்துறைக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

நம் பங்கு

கடைசியாக, இங்கே இருக்கும் நமக்கும் ஒரு கடன் உண்டு. அங்கிருக்கும் பிள்ளை பணம் அனுப்பாத மாதத்தில் நாம் என்ன சொல்கிறோம்? தங்கையின் கலியாணத்துக்கு, வீட்டு மதிலுக்கு, கோவில் திருநாளுக்கு என்று கேட்கும்போது, உன்னால் முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா? தாய் தகப்பனிடமே தன் கடனைச் சொல்ல முடியாதவன்தான், அந்நியக் கொம்பனிக்குக் காசு கொடுத்து அதை மறைத்து வைக்கிறான். அவன் வெட்கத்தில் ஒரு பங்கு நாம் கொடுத்தது.

ஆகையால் அடுத்தமுறை பேசும்போது பிள்ளையிடம் கேளுங்கள்: 'தம்பி, கடன் ஏதும் இருக்கிறதா? இருந்தால் மறைக்காமல் சொல்லு. நாங்கள் குறை நினைக்க மாட்டோம்.' கூலி வாங்கும் கொம்பனியில் அகப்பட்டிருக்கிறான் என்று தெரிந்தால், இலவசமாக உதவும் இடங்கள் உண்டு என்பதை அறிவியுங்கள். விலகுவதில் நன்றிக் குறைவும் இல்லை, வாக்குத் தவறுதலும் இல்லை என்பதை எடுத்துச் சொல்லுங்கள். கடனைத் தீர்க்கவென்று ஒதுக்கிய காசு கடனுக்கே போய்ச் சேரட்டும்; கடன் கொடுத்தவனும் தனக்குரியதைப் பெறட்டும்; அந்த வீட்டுப் பிள்ளைகளும் ஓராண்டு முன்னதாகவே மூச்சு விடட்டும்.